38 விழுக்காட்டில் பொசுக்கென்று அணையும் லேப்டாப்: பேட்டரி வாங்குவதா, வேண்டாமா?

"அண்ணே, 38 காட்டிக்கிட்டே இருந்துச்சுண்ணே. பொசுக்குன்னு போயிருச்சு. அடிச்சு வெச்ச பத்திரம் பூராவும் போச்சு."

மன்னார்குடியில் பத்திரம் எழுதும் தம்பி ஒருவர் போனில் சொன்னது இது. அதே வாரம் வேதாரண்யத்திலிருந்து ஒரு டீச்சர், திருவையாற்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. மூவருக்கும் ஒரே புகார்: சார்ஜ் இருப்பதாகக் காட்டும்போதே லேப்டாப் அணைந்துவிடுகிறது. கேள்வியும் ஒன்றுதான்: "எந்த பேட்டரி வாங்கலாம்?" நான் சொன்ன பதில் மட்டும் மூன்று விதம். மூவரில் ஒருவரை மட்டுமே பேட்டரி வாங்கச் சொன்னேன்.

கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். கடையை மூடியாயிற்று, போன் வருவது நிற்கவில்லை. விற்பதற்கு என்னிடம் இப்போது எதுவும் இல்லை என்பதால், கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்ட சிலவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

## முதலில், பேட்டரிதானா?

சார்ஜர் செருகியிருக்கும்போதும் அணைகிறதா? அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு, விசிறியின் இரைச்சல், பிறகு அணைதல் என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. நெல் அரவை மில் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது வருடத்துக்கொரு தடவை உண்டு. சுத்தம் செய்யும் கூலியோடு முடிந்துவிடும்.

சார்ஜர் இல்லாதபோது மட்டும் அணைகிறது, பழைய மாதிரி கழற்றும் பேட்டரி, ஊர் கடலோரம் என்றால் இன்னொன்றைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரியின் செம்பு முனைகள் பாசி பிடித்துப்போகும். லேசாக அசைந்தாலே தொடர்பு விட்டு, சட்டென்று அணையும். பேட்டரியைக் கழற்றி முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

அடுத்து பேட்டரி அறிக்கை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு கோப்பு உருவாகும். அதில் இரண்டு எண்கள் போதும். ஒன்று, செய்தபோது இருந்த கொள்ளளவு. மற்றொன்று, இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவு. முதல் எண் 41,000, இரண்டாவது 17,500 என்று இருந்தால் பாதிக்கும் மேல் போய்விட்டது என்று பொருள். இரண்டாவது எண் முதலாவதில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தும் அணைகிறது என்றால், கணக்குத்தான் பிசகியிருக்கலாம். அதற்கு வழி கீழே முதலிலேயே வருகிறது.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அழுத்தினால் 'டிக்' என்று படியாமல் இருந்தாலோ, அடிமூடி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது. அப்போது ஒப்பீடெல்லாம் கிடையாது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று எவராவது சொன்னால் அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள்.

## சார்ஜ் இருக்கும்போதே ஏன் அணைகிறது?

தூர் வாராத வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமதகில் தண்ணீர் நிறைய நிற்கிறது. ஆனால் நடுவில் மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. ஒரு வயலுக்கு மட்டும் மெல்லப் பாய்ச்சினால் வந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடையில் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும். பழைய பேட்டரியும் இப்படித்தான். உள்ளே மின்சாரம் இருக்கிறது, ஆனால் உள்தடை ஏறிவிட்டது. எழுத்து அடிக்கும்போது ஓடும். வீடியோ கால், முழு வெளிச்சம், நாலு ஜன்னல் என்று ஒன்றாக இழுத்தால் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

ஒரு லித்தியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டை ஒட்டி இறங்கினால், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் தயவு தாட்சண்யம் இல்லாமல் துண்டிக்கும். திரையில் 38 என்று எழுதியிருப்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஆறு செல் பேட்டரியில் இரண்டிரண்டாக மூன்று சோடிகள் வரிசையில் நிற்கும். ஒரு சோடி தளர்ந்தால் போதும், மற்ற இரண்டும் நன்றாயிருந்தாலும் மொத்தமும் நின்றுபோகும்.

நம் ஊரில் இது சீக்கிரமே வருவதற்குக் காரணம் வெயில். தகரக் கொட்டகைக் கடையில், நாள் முழுக்கச் சார்ஜரில் செருகி, நூறிலேயே நிற்கும் பேட்டரி ஓடாமலேயே கிழடாகும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லோரும் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் நிமிடத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். கரண்ட் போனபிறகு உங்கள் லேப்டாப் எத்தனை நிமிடம் ஓட வேண்டும்? வீட்டிலோ கடையிலோ இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் மாறும் அந்த ஒரு கண் சிமிட்டல்தான் உங்கள் தேவை. மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும் என்ற ஊரில், இன்வெர்ட்டர் இல்லாதவருக்கு மணிக்கணக்கில் வேண்டும். வயலில் நின்று வேலை பார்ப்பவருக்கும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதைக் கணக்கில் வைத்து பேட்டரி வாங்காதீர்கள். அதற்கு எந்த லேப்டாப் பேட்டரியும் காணாது.

இரண்டாவது, அந்த லேப்டாப்புக்கு இன்னும் எத்தனை வருடம் ஆயுசு? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய மிஷினுக்கு ஆறாயிரம் ரூபாய் பேட்டரி என்பது, விழப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது.

மூன்றாவது, ஒருமுறை அணைந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? படம் பார்ப்பவருக்கு எரிச்சலோடு போகும். பத்திரம் அடிப்பவருக்கு வாசலில் நிற்கும் கட்சிக்காரரும் சார்பதிவாளர் அலுவலக டோக்கனும் போகும்.

நான்காவது, தூரம். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் நம் பக்கத்தவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோதான் போகவேண்டும். வேதாரண்யத்துக்காரருக்கு அது ஒரு முழு நாள். கொடுக்க ஒருதரம், வாங்க ஒருதரம் என்றால் இரண்டு நாள் கூலி.

கீழே சொல்லும் விலைகள் நான் விசாரித்த மட்டில் ஏறத்தாழச் சொல்பவை. மாடலுக்கு மாடல் மாறும்.

## வழி 1: காசு போடாமல் சமாளிப்பது

ஒருமுறை நூறு வரை ஏற்றி இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, சில மணி நேரம் ஆறவைத்து, இடையில் நிறுத்தாமல் மறுபடி நூறு வரை ஏற்றுங்கள். அளவுகாட்டியின் கணக்கு திருந்தும். அணைவது 38-இலிருந்து 8-க்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இது கணக்கைத்தான் திருத்தும். போன கொள்ளளவு போனதுதான். வாராவாரம் செய்தால் பேட்டரி இன்னும் தேயும்.

திருந்தவில்லையா? 38-இல் அணைகிறது என்று தெரிந்துவிட்டதே, அதையே பயன்படுத்துங்கள். பவர் செட்டிங்கில் பேட்டரி அபாய அளவு என்று ஒன்று இருக்கும். அதை 45 என்று வைத்து, அந்த அளவில் ஹைபர்னேட் ஆகும்படி அமைத்துவிட்டால், திறந்திருக்கும் வேலையெல்லாம் டிஸ்கில் பதிந்தபிறகே அணையும். பிராசசர் வேக உச்சத்தை 70 விழுக்காட்டுக்குக் குறைத்து, வெளிச்சத்தையும் குறைத்தால் வாய்க்காலில் ஒரே நேரத்தில் மடை திறப்பது குறையும். இதைச் செய்துகொண்டே ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு.

மறைமுகச் செலவு: நம்பிக்கை. 45 என்று வைத்த எல்லை இரண்டு மாதத்தில் 60 ஆகும்.

## வழி 2: கம்பெனி ஒரிஜினல்

நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை. சொல்லும் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் மாட்டும் கூலியும் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில் போடும்போது கேட்டால் முகம் மாறும்.

பொருத்தத்தில் சிக்கலில்லை, அளவுகாட்டி சரியாகப் பேசும், உப்பும் அபாயம் குறைவு. ஆனால் ஒரிஜினல் என்றால் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாடல் சந்தைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தால், அந்த பேட்டரியும் எங்கோ ஒரு கிடங்கில் நாலு வருடம் தூங்கியிருக்கலாம். லித்தியம் செல் அலமாரியில் இருந்தாலும் கிழடாகும். செய்த தேதியைப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் என்றால் வாங்குங்கள். மாட்டியதும் கடையிலேயே பேட்டரி அறிக்கை எடுத்து, முழுக்கொள்ளளவு எண்ணைப் பாருங்கள்.

புதிய பேட்டரியை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடவேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. விமானத்தில் தனியாக வரும் லித்தியம் பேட்டரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால்தான் பெட்டியைப் பிரித்ததும் குறைவாகக் காட்டுகிறது. சாதாரணமாக நூறு ஆக்கினால் போதும்.

## வழி 3: கடைப் பேட்டரி

கம்பேட்டிபிள் என்பார்கள். ஆயிரத்து இருநூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை. நம் பக்கத்தில் அதிகம் விற்பதும், அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான். திட்டு முழுவதும் நியாயமில்லை. நல்லதும் இருக்கிறது, பொறுக்கத் தெரியவேண்டும்.

லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் எண்ணைச் சொல்லுங்கள். 10.8 வோல்ட்டும் 11.1 வோல்ட்டும் ஒன்றுக்கொன்று மாற்று. அதேபோல 14.4-ம் 14.8-ம். ஆனால் 11.1 இருந்த இடத்தில் 14.8 மாட்டக்கூடாது. லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் மேலே இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லையென்றால் கடைக்காரர் சொந்த மச்சானாக இருந்தாலும் வேண்டாம்.

வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். "நம்ம கடைதானே, எப்ப வேணாலும் வாங்க" என்பது வாரண்டி இல்லை. அதை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறைமுகச் செலவு: ஒன்றரை வருடத்தில் மறுபடி வாங்க நேர்ந்தால் ஒரிஜினல் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் லேப்டாப்புக்கே இன்னும் இரண்டு வருடம்தான் ஆயுசு என்றால் அந்தக் கணக்கு இதன் பக்கம் சாய்கிறது.

## வழி 4: செல் மாற்றுவது

பழைய மாதிரி தடித்த பேட்டரிகளில் மட்டுமே. உள்ளே 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் இருக்கும். தட்டையான பாலிமர் பேட்டரிக்கு இந்தப் பேச்சே கிடையாது.

கேட்க நன்றாக இருக்கும்: கூடு, சர்க்யூட் எல்லாம் ஒரிஜினல், செல் மட்டும் புதிது. நடைமுறையில் மூன்று இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். சூட்டுக்கோலால் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் செல் சூட்டிலேயே கெடும், ஸ்பாட் வெல்டிங் வேண்டும். தளர்ந்த ஒரு சோடியை மட்டும் மாற்றினால் பழைய செல்களோடு ஒத்துப்போகாது, ஆறையும் மாற்ற வேண்டும். சில பேட்டரிகளில் செல்லைக் கழற்றியதுமே சர்க்யூட் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், திறக்கத் தனிக் கருவி வேண்டும்.

செல்லிலும் பொய் உண்டு. நல்ல கம்பெனி செல்லிலேயே 3,500 மில்லியாம்பியர் அவர் என்பது உயர்ந்த அளவு. 9,900 என்று அச்சடித்த செல்லைக் காட்டினால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பேட்டரியே கிடைக்காத அரிய மாடல், கருவியோடு வேலை தெரிந்த ஆள், இரண்டும் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

## வழி 5: பேட்டரியை மறந்துவிட்டு வெளியிலிருந்து கரண்ட்

டெல்டாவில் பாதிப் பேருக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது: லேப்டாப் செருகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? பெரும்பாலும் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் இருக்கும். எலக்ட்ரீசியனை அழைத்து ஒரு பிளக்கைச் சேர்த்தால் சில நூறு ரூபாயில் விஷயம் முடிகிறது.

அடுத்தது இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சிறு சுவிட்ச். யூபிஎஸ் என்று வைத்தால் மாறுவது வேகம். ஆனால் லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். நடவு சமயத்தில் ஊரெங்கும் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் கிராமத்தில், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரி காலியாவது இதனால்தான். லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும். குறைந்த வோல்டேஜ் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதனால் சுவிட்சை மற்ற நிலையில் வைத்து, லேப்டாப் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச உயிரை அந்தக் கண் சிமிட்டலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் சார்ஜர் முனகும், சூடாகும்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி. கணக்குக்கு 84 வாட் அவர். சாதாரண வேலைக்கு முக்கால் மணி நேரம் எதிர்பார்க்கலாம். அதற்குள் இருக்கும் பேட்டரியையும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும் என்பது விற்கும்போது சொல்லப்படாத செலவு.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் 65 வாட் கொடுக்கும் பவர் பேங்க் ஒன்று. 20,000 மில்லியாம்பியர் அவர் என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 74 வாட் அவர். வயலுக்கும் எடுத்துப் போகலாம், போனுக்கும் ஆகும், நாளை லேப்டாப்பை மாற்றினாலும் கூட வரும்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரியை முழுக்கக் கழற்றிவிட்டு ஓட்டினால் சில லேப்டாப்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். திடீரென்று கூடுதல் மின்சாரம் தேவைப்படும்போது கைகொடுக்க பேட்டரி இல்லாததே காரணம்.

## வழி 6: லேப்டாப்பையே மாற்றுவது

பேட்டரி விலை லேப்டாப்பின் இன்றைய விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அலுவலகங்களிலிருந்து வரும் பழைய லேப்டாப்கள் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் கிடைக்கின்றன. அதிலும் பேட்டரி பழையதுதான் என்பதை மறக்காதீர்கள். காசைக் கொடுப்பதற்கு முன் பேட்டரி அறிக்கையைக் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு (ரூபாய்) | கிடைக்கும் நேரம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| சமாளிப்பது | இல்லை | இருப்பதில் பாதி | எல்லை ஏறிக்கொண்டே போகும் | சில மாதத்தில் மாற்றப்போகிறவர் |
| ஒரிஜினல் | 4,000–7,000 | மணிக்கணக்கில் | பயணம், பழைய ஸ்டாக் | நாலைந்து வருடத்துக்கு உட்பட்ட லேப்டாப் |
| கடைப் பேட்டரி | 1,200–2,500 | ஓரிரு மணி | மறுபடி வாங்குவது | இரண்டு வருடம் ஓடினால் போதும் என்பவர் |
| செல் மாற்றுவது | 1,000–2,000 | ஆளைப் பொறுத்தது | பூட்டிக்கொள்ளும் சர்க்யூட் | அரிய மாடல் மட்டும் |
| இன்வெர்ட்டர் பிளக் | சில நூறு | இன்வெர்ட்டர் உள்ளவரை | நகர முடியாது | ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர் |
| லேப்டாப்பை மாற்றுவது | 15,000-க்கு மேல் | பேட்டரியைப் பொறுத்தது | மென்பொருள், கோப்பு மாற்றம் | விண்டோஸ் 11 ஏறாதவர் |

## அந்த மூவர்

மன்னார்குடித் தம்பியின் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது, பிளக் அதில் இல்லை. ஒரு பிளக்கைச் சேர்த்து, அபாய அளவை 45-இல் வைத்தாயிற்று. பேட்டரிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

திருவையாற்று மாணவியிடம் இருப்பது அவள் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மிஷின்கள் டெல்டாவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவளுடையதில் விண்டோஸ் 11 ஏறாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, சார்ஜரிலேயே இந்தப் பருவத்தை ஓட்டச் சொன்னேன். பேட்டரிக்கு வைத்திருந்த காசு அடுத்த லேப்டாப்புக்கான முதல் தவணையாக இருக்கட்டும்.

டீச்சரின் லேப்டாப்புக்கு வயது மூன்றரை. பள்ளியில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டவேண்டும், அங்கே கரண்டை நம்ப முடியாது. அவருக்கு ஒரிஜினல்தான். தஞ்சாவூருக்கு ஒரே நடையில் முடியும்படி பார்ட் எண்ணைப் போனில் சொல்லி முன்பதிவு செய்துவிட்டுப் போகச் சொன்னேன். புதிது மாட்டியதும் செய்யவேண்டியதையும் சொன்னேன்: சார்ஜ் 80-இல் நிற்கும்படி அமைப்பது. லெனோவாவில் வான்டேஜ் செயலியிலும், ஏசூஸில் மை ஏசூஸிலும் இருக்கிறது, டெல், ஹெச்பி மாடல்களில் பயாஸுக்குள், அதாவது லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள் பார்க்க வேண்டும்.

பழைய பேட்டரி லேசாக உப்பியிருந்தது. அதைக் குப்பை வண்டியில் போட்டுவிடாமல் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைக்கச் சொன்னேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. "போற வரைக்கும் வீட்ல எங்க வைக்கிறது சார்?" என்றார். கொல்லையில், நிழலில், மணல் போட்ட மண்சட்டிக்குள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்றேன்.